நோயாளி பெயர்: பிரசீதா

ஆரியங்கோடு
14.2.1996

அன்புத் தம்பி மோகனனுக்கு அக்கா சுகுமாரி எழுதுவது.

இங்கே நாங்கள் எல்லாரும் சுகம். நீ விமானம் ஏறி இருபது நாளாகிறது. போகும்போது இருந்த இருமல் தீர்ந்ததா? ஏ.சி. மெக்கானிக்குக்கே சளி பிடித்தால் சார்ஜாக்காரர்கள் சிரிப்பார்கள். வெந்நீர் குடி.

நேற்று டியூட்டி முடிந்து உதியன்குளங்கரையில் நம் வீட்டுக்குப் போனேன். அம்மை சாயா தந்த கையோடு சேதியும் தந்தாள். டிசம்பரில் நீயும் பிரசீதாவும் நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் எடுத்த பரிசோதனைக் காகிதத்தை, நீ புறப்பட்ட அன்று பக்கத்து வீட்டுப் பொன்னையன் படித்துச் சொன்னாராம். “பிரசீதா, வயது 27. எண்ணிக்கை: இல்லை” என்று போட்டிருக்கிறதாம். கருமுட்டை ஒன்றுகூட இல்லை என்று அர்த்தமும் அவரே சொல்லியிருக்கிறார். கோர்ட்டில் முப்பது வருடம் ஆதாரம் படித்த குமாஸ்தாவுக்கு ஆஸ்பத்திரிக் காகிதம் ஒரு பெரிய விஷயமா!

“கெட்டி அஞ்சு வருசம் பொறுத்தாச்சு மக்கா. எனக்க மவனுக்கு ஒரு பிள்ளை வேண்டாமா? பாறசாலையில ஒரு பெண்ணு உண்டு” என்கிறாள் அம்மை. அடுக்களையில் பிரசீதா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டது. கை நிற்கவில்லை.

அந்தக் காகிதத்தைக் காட்டச் சொன்னேன். “நீ படிச்சா அவளுக்குச் சாதகமா எதாவது பறைவ” என்று அம்மை அலமாரியைப் பூட்டித் தாக்கோலை இடுப்பில் சொருகிக்கொண்டாள். பன்னிரண்டு வருடமாக ஊர்ப் பெண்களின் நோவு கேட்டு வீடு வீடாக ஏறி இறங்குகிற நர்ஸ் நான். சொந்த வீட்டுக் காகிதத்தைப் பார்க்க எனக்கு வழியில்லை.

டாக்டர் உன்னிடம் மட்டும் தனியாகப் பேசினார் என்று பிரசீதா சொன்னாள். என்ன சொன்னார்? மறைக்காமல் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா சுகுமாரி


சார்ஜா
6.3.1996

அன்புள்ள அக்காவுக்கு மோகனன்.

கடிதம் கிடைத்தது. இருமல் போய்விட்டது. உங்களுக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? மேடு ஏறி இறங்கும் வேலை, கவனம் தேவை. ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், ஊருக்குப் போகிறவர் யாராவது கிடைத்தால் கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் முறியில் இப்போது ஆறு பேர் தங்குகிறோம். மார்த்தாண்டத்துக்காரன் ஒருவன் புதிதாக வந்திருக்கிறான், ராபின்சன் என்று பெயர். மீன்குழம்பு அவன் வைத்தால் நம் ஊர் வாசம் வருகிறது. வீட்டின் பின்பக்கத்து ஓடு மாற்றியாயிற்றா? மழைக்கு முன்னால் மாற்றச் சொல்லுங்கள். நல்லமிளகுக் கொடிக்குத் தண்ணீர் விடுகிறார்களா?

டாக்டர் என்னவெல்லாமோ சொன்னார். எல்லாம் இங்கிலீஷ். எனக்கு ஒன்றும் நினைவில்லை. பிரசீதாவைக் கொஞ்ச நாள் தனுவச்சபுரத்தில் அவள் வீட்டில் இருக்கச் சொன்னால் எல்லாருக்கும் நிம்மதியாக இருக்கும்.

அம்மையிடம் கோபப்பட வேண்டாம்.

அன்புடன்
மோகனன்


ஆரியங்கோடு
22.4.1996

அன்புத் தம்பிக்கு அக்கா.

சுகம்தானே? ஓடு மாற்றியாயிற்று. கொடிக்குத் தண்ணீர் விடுகிறார்கள். கேட்ட கேள்விக்குத்தான் பதில் இல்லை.

இங்கே எங்களுக்கு ஒரு புது உத்தரவு வந்திருக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இனி இலக்கு கிடையாதாம், ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வேண்டாமாம். மீட்டிங்கில் எல்லா நர்ஸுகளும் கை தட்டினோம். பிறகு புது ரெஜிஸ்டர் தந்தார்கள். பிரித்துப் பார்த்தால் பழையதேதான்: மனைவியின் வயது, மாதவிலக்கு, பிரசவம், அபார்ஷன், என்ன மாத்திரை. கணவனுக்குப் பெயர் எழுத ஒரு கட்டம், தொழில் எழுத ஒரு கட்டம், தீர்ந்தது. நான் எழுந்து, “ஸார், ஆணுக்கு நோவே வராதா?” என்று கேட்டேன். “சுகுமாரி, அது நம்ம டிபார்ட்மென்ட் இல்ல” என்றார் மேலதிகாரி. எது டிபார்ட்மென்ட் என்று அவருக்கும் தெரியவில்லை. நம் பஞ்சாயத்தில் ஆண்களுக்கு என்று இருப்பது மதில் விளம்பரம் மட்டும்தான். லாட்ஜில் முறி எடுத்து மாதத்துக்கு ஒருநாள் லேகியம் விற்கிறவன் பெயரை எல்லா ஆணும் மனப்பாடமாக வைத்திருக்கிறான். வெட்கக்கேடு.

நம் தெருவில் சத்தியபாய் மகளுக்கு ஏழாம் மாதப் பூச்சூட்டு நடந்தது. பிரசீதா புடவை கட்டி நின்றாள். “நீ வேண்டாம் மக்கா, அவிய ஒண்ணும் நெனைக்கப்பிடாது” என்று அம்மை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். அவள் புடவையை அவிழ்க்காமலே கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அம்மைக்கு நீயே எழுது. இரண்டாம் கல்யாணம் வேண்டாம் என்று ஒரு வரி போதும்.

அக்கா


சார்ஜா
30.6.1996

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இங்கே கடும் சூடு. மொட்டைமாடி வேலையில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை. அங்கே மழை பிடித்துவிட்டதா?

அம்மைக்கு எழுதிவிட்டேன். “உங்கள் இஷ்டம்போல்” என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இன்னொரு காரியம். இது ராபின்சனுக்காகக் கேட்பது. அவனுக்குப் பதினேழு வயதில் பொன்னுக்குவீங்கி வந்ததாம். கன்னம் வற்றிய பிறகு கீழே இரண்டு பக்கமும் வீங்கி, பத்து நாள் நேராக நடக்க முடியாமல் இருந்தானாம். வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு, சைக்கிளில் இருந்து விழுந்ததாகச் சொல்லிவிட்டான். இப்போது கல்யாணமாகிப் பிள்ளை இல்லை. அதனால் இருக்குமோ என்று கேட்கிறான். மருந்து உண்டா? ஆண் என்கிற நிலைமைக்கு ஏதாவது பங்கம் வருமா? உங்களுக்குத் தெரியும் என்று சொன்னேன். அவன் காத்திருக்கிறான்.

மோகனன்


ஆரியங்கோடு
15.7.1996

என் தம்பி மோகனனுக்கு,

நல்ல மழை. எனக்கு முட்டுவலி அதிகம். உனக்குத் தூக்கம் உண்டா என்பதுதான் எனக்கு முதலில் தெரிய வேண்டும்.

உன் கடிதம் வந்த மறுநாள் அம்மை அந்தக் காகிதத்தைத் தானாகவே கொண்டுவந்தாள். நர்ஸ் என்ற முறையில் நான் பிரசீதாவின் அண்ணன் சிஜுவிடம் விளக்கிச் சொன்னால் பெண்ணைச் சண்டையில்லாமல் அழைத்துப் போவானாம். வாங்கிப் பார்த்தேன். மேலே “எஸ்.ஏ.” என்று இரண்டே எழுத்து. பொன்னையனுக்கு அது புரியாது. எனக்குப் புரியும். அளவு, கெட்டி, இளகும் நேரம் எல்லாம் கீழே வரிசையாக இருக்கிறது. அது விந்துப் பரிசோதனை. பெண்ணுக்கு எடுக்கிற பரிசோதனையே அல்ல. அந்த ஆஸ்பத்திரியில் பிள்ளையில்லாதவர்களைப் பார்ப்பது பெண்கள் பிரிவு. அங்கே ஆணுக்கு ஓ.பி. சீட்டு கிடையாது, கணவனுடைய பரிசோதனையையும் மனைவி சீட்டில்தான் எழுதுவார்கள். நான் அனுப்பிய எத்தனையோ பெண்கள் இப்படிக் காகிதத்தோடு வந்திருக்கிறார்கள். ஒருநாளும் இது ஒரு குற்றமாக எனக்குத் தோன்றியதில்லை. நம் வீட்டுக்கு வந்தபிறகு தோன்றுகிறது.

அம்மையிடம், “கண்ணாடி இல்ல, பொறவு பாக்கேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரு நோயாளியின் காரியத்தை அவன் சம்மதமில்லாமல் சொல்லக்கூடாது என்று படித்து வந்தவள் நான். சொல்லாமல் இருந்தால் ஒரு பெண் தெருவில் நிற்கிறாள். இந்த இரண்டுக்கும் நடுவில் என்னை நிறுத்திவிட்டாய்.

ராபின்சனுக்குப் பதில். ஆமாம், அதனால் இருக்கலாம். மருந்து தந்து சரியாக்குகிறேன் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஆனால் ஒரு பரிசோதனை போதாது. மூன்று மாதம் விட்டு இன்னொன்று எடுக்க வேண்டும், ரத்தமும் பார்க்க வேண்டும், ஆண்களைப் பார்க்கிற சர்ஜன் ஒருவர் கை வைத்துப் பார்க்க வேண்டும். சிலருக்கு அடைப்பாக இருக்கும், அதற்கு வழி உண்டு. ஆண் என்கிற நிலைமைக்கு ஒரு பங்கமும் இல்லை. அது வேறு, இது வேறு. இதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை என்பது என் உத்தியோகத்துக்கே அவமானம்.

ராபின்சனின் அக்காவும் அப்போது வீட்டில்தான் இருந்தாள். நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள். தம்பி காலை அகட்டி நடப்பதைப் பார்த்து, “எலே, தாறா மாதிரி நடக்கியே” என்று வாத்துபோல நடந்து காட்டிச் சிரித்தாள். மோகனா, புத்தகத்தில் அந்த நோயைப் படித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. என்னை மன்னித்துவிடு.

ஓணத்துக்குள் அம்மைக்கு எழுது.
அக்கா


ஆரியங்கோடு
4.9.1996

மோகனனுக்கு,

சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். கடிதம் இல்லை. ஓணம் கழிந்தது.

ஓணத்துக்கு முதல் நாள், உத்திராடத்தன்று, சிஜு வந்து பிரசீதாவைக் கூட்டிப்போனான். பெட்டியை எடுக்கவில்லை. உடுத்த துணியோடு போனாள். “மாமி, அடுப்பில பால் இருக்கு, பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாளாம். பாறசாலைக்காரர்கள் தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. அவளையும் ஐந்து வருடம் கழித்து இதே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாயா?

நான் யாரிடமும் சொல்லவில்லை. அதை நினைத்தால் எனக்கே என்மேல் வெறுப்பு வருகிறது.

சுகுமாரி


தனுவச்சபுரம்
20.9.1996

அத்தானுக்கு பிரசீதா எழுதுவது.

எனக்கு சுகம்தான். உங்களுக்கும் அப்படியே இருக்கட்டும். சுகுமாரி மைனியிடம் விலாசம் வாங்கி எழுதுகிறேன். இதில் அவர்கள் ஒன்றும் சொல்லித் தரவில்லை.

அண்ணன் வக்கீலைப் பார்க்கப் போகிறான். விவாகரத்துக் காகிதம் வந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன். உங்களிடம் கேட்க எனக்கு ஒன்றே ஒன்றுதான் உண்டு.

அன்று ஆஸ்பத்திரியில் ஸ்கேன் வரிசையில் நின்றபோது ஜன்னல் வழியாக உங்களைப் பார்த்தேன். பியூன் உங்கள் கையில் ஒரு சின்னக் குப்பி தந்தான். நீங்கள் அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கக்கூஸ் பக்கம் போனீர்கள். பஸ்ஸில் வரும்போது ரத்தம் எடுத்தார்கள் என்று சொன்னீர்கள். நான் பத்தாம் வகுப்புதான். ஆனாலும் ரத்தம் கொடுக்க யாரும் கக்கூஸுக்குப் போகமாட்டார்கள் என்று தெரியும்.

மாமி என்னை மலடி என்று சொன்ன நாளிலும் நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உங்களை ஊர் என்ன சொல்லும் என்று பயந்தேன். நீங்களே சொல்வீர்கள் என்று ஒவ்வொரு தபாலுக்கும் காத்திருந்தேன்.

பிள்ளை இல்லாதது எனக்குச் சங்கடம். ஆனால் அதற்காக நான் அழுததைவிட உங்கள் மௌனத்துக்காக அழுததுதான் அதிகம். கேள்வி இதுதான்: என் பெயரில் அந்தக் காகிதம் இருந்தது உங்களுக்குச் சந்தோஷமாக இருந்ததா?

பிரசீதா


சார்ஜா
12.10.1996

அன்புள்ள அக்கா,

உடம்பு சுகம். மனது அப்படி இல்லை. பிரசீதா எழுதியிருக்கிறாள். அவளுக்கு எல்லாம் தெரியும், அக்கா. முதல் நாளிலிருந்தே தெரியும்.

அன்று பியூன் நாலு பேர் கேட்கச் சத்தம் போட்டு என் கையில் குப்பியைத் தந்தான். எங்கே போவது என்று கேட்டேன். கக்கூஸைக் காட்டினான். கதவுக்குக் கொண்டி இல்லை. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே தூப்புக்காரி, “வேகம் வா” என்று தட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வராந்தாவில் நின்றபடி சொன்னார், “ஒந்நும் இல்லா. இனி தத்து எடுத்தால் மதி.” தத்து எடுத்தால் போதுமாம், அவ்வளவுதான். உட்காரக்கூடச் சொல்லவில்லை. காகிதத்தில் பெயர் மாறியிருக்கிறது என்று கிளார்க்கிடம் காட்டினேன். “இவிடெ ஆணுங்ஙள்க்கு டிக்கெற்று இல்லா” என்றான்.

அக்கா, அந்த நேரம் எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அதுதான் உண்மை. புறப்படும் அன்று பொன்னையன் அதைப் படித்தபோது நான் முற்றத்தில் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. கயிற்றை இன்னும் ஒரு சுற்று சுற்றினேன். பிரசீதா என்னைப் பார்த்தாள். நான் முடிச்சைப் பார்த்தேன்.

நீங்கள் சிரித்தது நினைவில்லை என்று எழுத ஆசைதான். நினைவிருக்கிறது. ஆனால் இதில் உங்கள் பங்கு அந்த ஒரு சிரிப்புதான், மற்றது முழுக்க என்னுடையது. ராபின்சனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். அவன் பெயரை எடுத்ததற்கு அவனிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். என்னைக் கட்டிப்பிடித்து அழுதான்.

அம்மைக்கு ஒரு கடிதம் உள்ளே வைத்திருக்கிறேன். பொன்னையன் வேண்டாம், நீங்களே படித்துக் காட்டுங்கள். பாறசாலைக்கு ஆள் அனுப்பி நிறுத்திவிடுங்கள். பிரசீதாவுக்கும் எழுதிவிட்டேன். அவள் கேள்விக்கு “ஆமாம்” என்று பதில் எழுதினேன். பொய் எழுதக் கை வரவில்லை.

மோகனன்


ஆரியங்கோடு
10.12.1996

என் மக்கா மோகனனுக்கு,

இங்கே சுகம். நீ வேளைக்குச் சாப்பிடு, அதுதான் இப்போது முக்கியம்.

அம்மையிடம் படித்தேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். முதலில் நம்பவில்லை. “அவளைக் காப்பாத்த அவன் கள்ளம் எழுதியிருக்கான்” என்றாள். சைக்கிளில் விழுந்த கதையைச் சொன்னேன். “பத்து நாளும் நானாக்கும் எண்ணெய் காய்ச்சித் தேய்ச்சது, காலுக்கு” என்றாள். காலுக்கு, காலுக்கு என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பாறசாலைக்கு மறுநாளே ஆள் போயிற்று.

தனுவச்சபுரத்துக்கும் போனேன். சிஜு முகம் கொடுக்கவில்லை. பிரசீதா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. “மைனி, அந்தக் காகிதத்தில இருந்து எனக்க பேரை வெட்டித் தாருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்” என்றாள்.

அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். பழைய சீட்டைத் திருத்த விதி இல்லையாம். ஆணுக்குத் தனிச் சீட்டு வேண்டும் என்று ஜில்லாவுக்கு ஒரு மனு எழுதினேன். “அதற்கு ஏற்பாடு இல்லை” என்று ஒரு வரியில் பதில் வந்தது. நான் விடவில்லை. எங்கள் ஹெல்த் சென்டர் டாக்டரிடம் ஒரு மாதம் வாதாடினேன். அடுத்த மாதத்திலிருந்து வியாழக்கிழமைதோறும் மதியம் ஆண்களுக்கு மட்டும். பேசுவதற்கு ஹெல்த் இன்ஸ்பெக்டர் கிருஷ்ணன்குட்டி இருப்பார், நானும் இருப்பேன். மலேரியாவுக்கு வைத்திருக்கும் மைக்ராஸ்கோப் போதும். மருந்து வைக்கிற முறியை ஒழித்து, உள்பக்கம் கொண்டி போட்டிருக்கிறேன். ஒரு ரெஜிஸ்டரும் நானே கோடு போட்டேன்.

முதல் வரியை யாருக்கும் தரவில்லை. நீ எப்போது வருகிறாய்?

அக்கா


உதியன்குளங்கரை
15.2.1997

பிரசீதாவுக்கு மோகனன்.

நீயும் வீட்டிலுள்ளவர்களும் சுகம் என்று அக்கா சொன்னாள். நான் வந்து எட்டு நாளாகிறது. நேரில் வர தைரியம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை ஹெல்த் சென்டருக்குப் போனேன். என்னோடு வேறு நாலு பேர் பெஞ்சில் இருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அக்கா என் பெயரை உரக்கக் கூப்பிட்டாள். எழுந்து போனேன். கொண்டி போட்டுக்கொண்டேன். டாக்டர் உட்காரச் சொன்னார், அரை மணி நேரம் பேசினார். அதே பதில்தான். மே மாதம் லீவு கிடைத்தால் ஒரு சர்ஜனைப் பார்க்க எழுதித் தந்திருக்கிறார். பெரிய நம்பிக்கை வேண்டாம் என்றும் சொன்னார்.

பொன்னையனையும் சிஜுவையும் வீட்டுக்குக் கூப்பிட்டு அம்மை முன்னால் இந்தப் புதுக் காகிதத்தை நானே படிக்க நினைத்தேன். சிஜு வரவில்லை. மற்ற இருவர் முன்னால் படித்தேன். பொன்னையன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு காகிதமும் இதனுடன் வைத்திருக்கிறேன். உன் பெயரில் இருப்பதை என்ன செய்ய வேண்டும் என்பது உன் இஷ்டம். மார்ச் பத்தாம் தேதி சார்ஜாவுக்குத் திரும்புகிறேன். மன்னிக்கச் சொல்ல எனக்கு முகம் இல்லை.

மோகனன்


தனுவச்சபுரம்
24.2.1997

அத்தானுக்கு,

சுகம். கடிதமும் இரண்டு காகிதமும் கிடைத்தன. என் பெயரில் இருந்ததை அண்ணனிடம் படித்துக் காட்டினேன். புதியதையும் படித்தேன். பழையதை அடுப்பில் போட்டேன்.

பெட்டியை யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். என் கோபம் தீரவில்லை. தீரும் என்று இப்போது வாக்குத் தரவும் முடியாது. மே மாதம் சர்ஜனைப் பார்க்கப் போகும்போது எழுதுங்கள். கூட வருவதைப் பற்றி அப்போது சொல்கிறேன்.

மைனி கோடு போட்ட புதுக் காகிதத்தில் மேலே உங்கள் பெயர், “ஆண், வயது 33” என்று இருக்கிறது. அதற்குக் கீழே “மனைவி பெயர்” என்று ஒரு கட்டம். அதில் பிரசீதா என்று எழுதியிருக்கிறது. அதை வெட்டச் சொல்லி நான் மைனியிடம் கேட்கவில்லை.

பிரசீதா